பந்து எங்கே இறங்க வேண்டும்?

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதத்தில் பாதிக்கு மேல் டிரைவரைப் பற்றியே இருந்தது. உன் வயதுப் பிள்ளைகள் உன்னைவிட முப்பது யார்டு தள்ளி அடிக்கிறார்கள், புது டிரைவர் வாங்கித் தர அப்பா தயங்குகிறார், ஜிம்முக்குப் போகலாமா என்றெல்லாம் கேட்டிருந்தாய். கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி: கிரீன் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் சொதப்புகிறது. நான் பதில் எழுதுவது அந்த ஒரு வரிக்குத்தான். கூட அனுப்பியிருந்த ஸ்கோர் கார்டுகளின் ஓரத்தில் நீயே பென்சிலால் குறித்து வைத்திருக்கிறாய், ‘சிப் 2’, ‘சிப் 3’ என்று. அதற்கு மேல் எனக்கு என்ன சாட்சி வேண்டும்?

பெரிய டூர்களில் ஆடுகிறவர்களே ஒரு ரவுண்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கிரீன்களை உரிய அடிக்குள் பிடிப்பதில்லை. அப்படித் தவறிய இடங்களில் பாதிக்கு மேல் ஒரு சிப், ஒரு பட் என்று பாரைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள். நமக்குத் தவறுகிற கிரீன்கள் இன்னும் அதிகம். ஆனால் ரேஞ்சுக்குப் போய்ப் பார், எல்லோரும் டிரைவரை விளாசிக்கொண்டிருப்பார்கள். சிப்பிங் பகுதியில் ஈ காக்கை இருக்காது.

தூரம் இல்லை என்று புலம்புகிறாயே, டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூரு அதிதி அசோக் ஆடியதை நினைத்துப் பார். அந்த 2021 கோடையில் அவர் கோவிட்டிலிருந்து மீண்டு வந்திருந்தார். அம்மாதான் கேடி. டிரைவரில் மிகக் குறைந்த தூரம் அடித்தவர்களில் அவரும் ஒருவர். ஆனாலும் கடைசி நாள் கடைசி ஹோல் வரை பதக்கப் போட்டியில் இருந்து, ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில் வெண்கலத்தைத் தவறவிட்டு நான்காவதாக வந்தார். கிரீனிலும் அதைச் சுற்றியும் அவர் செய்த வேலைதான் அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது. இது இன்று நேற்றுக் கதையும் இல்லை. 1938 பிஜிஏ சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்தில், மலை மலையாக அடிக்கும் சாம் ஸ்னீடை பால் ரன்யன் என்ற சிறிய உருவத்துக்காரர் 8-7 என்று, அதாவது ஏழு ஹோல் மீதியிருக்கும்போதே எட்டு ஹோல் முன்னிலையில், துவைத்து எடுத்தார். ஒவ்வொரு டிரைவிலும் பின்தங்கியே இருந்தவர் அவர். ரன்யனின் சிப் முறை பார்க்கச் சப்பென்று இருக்கும்: ஐயனைப் பட்டர் மாதிரி நிமிர்த்திப் பிடித்து, குதியைச் சற்றே தூக்கி, மணிக்கட்டை மடக்காமல் ஒரு தள்ளு. எனக்குத் தெரிந்து அதைவிடப் பத்திரமான முறை இன்றுவரை இல்லை.

இப்போது உன் தவறுக்கு வருகிறேன். ஒரு சமயம் பந்துக்குப் பின்னால் மண்ணைக் கொத்துகிறாய், அடுத்த தடவை பந்தின் நடு வயிற்றில் அடித்து கிரீனைத் தாண்டி அனுப்புகிறாய். இரண்டும் இரண்டு நோய் என்று நினைத்து இரண்டு மருந்து தேடுகிறாய். நோய் ஒன்றுதான்: நீ பந்தைத் தூக்கிவிடப் பார்க்கிறாய். தூக்க நினைத்ததும் உடம்பின் எடை வலது காலுக்குப் போகிறது. கிளப் தரையைத் தொடும் இடமும் பந்துக்குப் பின்னால் போய்விடுகிறது. அங்கே தரையைத் தட்டினால் கொத்து. தட்டாமல் மேலேறி வந்தால் விளிம்பு பந்தின் வயிற்றில் படும். பந்தைத் தூக்குவது உன் வேலையே இல்லை. கிளப் முகத்தின் சாய்வு அதைச் செய்துகொள்ளும். காசு கொடுத்து வாங்கியதே அதற்குத்தானே?

ஆகவே, கால்களை நெருக்கி வை. எடையில் பாதிக்குமேல் இடது காலில் இருக்கட்டும், கடைசிவரை அங்கேயே இருக்கட்டும். கிரிப்பில் கையை ஓர் அங்குலம் கீழே இறக்கு. பந்து காலுக்கு நடுவில், அல்லது ஒரு பந்து அகலம் பின்னால். பின்னுக்கு எடுத்த அளவே முன்னுக்கும் போகவேண்டும். நீளமாக எடுத்துவிட்டு, பயந்துபோய்ப் பந்தின் அருகில் வேகத்தைக் குறைப்பதுதான் பலரைக் கெடுக்கிறது. பிடி எப்படி என்பதில் நான் கறார் இல்லை. 2022 யு.எஸ். ஓப்பனை வென்ற மாட் ஃபிட்ஸ்பாட்ரிக் இடது கையைக் கீழே வைத்துத்தான் சிப் அடிக்கிறார்.

ஒரு விஷயத்தில் மட்டும் உன் கோச்சோடு எனக்குச் சண்டை. கையை முன்னால் தள்ளு, இன்னும் தள்ளு என்று சொல்கிறாராம். கொஞ்சம் போதும். அளவுக்கு மீறினால் வெட்ஜின் கூர்விளிம்பு தரையைப் பார்த்துவிடும், அடியில் இருக்கும் பவுன்ஸ் வீணாகிவிடும். தோசை மாவு பரப்பும் கரண்டியை நினைத்துக்கொள்: அடிப்பக்கம் படும்வரை வழுக்கிக்கொண்டு போகும், விளிம்பைச் சாய்த்தால் மாவைக் கிழித்துவிடும்.

நம் ஊர்ச் சமவெளி மைதானங்களில் இது இன்னும் முக்கியம். இங்கே பெரும்பாலும் பெர்முடா புல். அது நம் அருகம்புல்லேதான். கிரீனில் போடுவது அருகையும் ஆப்பிரிக்கப் புல் ஒன்றையும் கலந்து உண்டாக்கிய கலப்பினம். அருகு நேராக நிற்காது, ஒரு பக்கமாகப் படர்ந்து சாயும். சாய்வுக்கு எதிராக அடித்தால் புல் கிளப்பைப் பிடித்து இழுக்கும், சாய்வோடு அடித்தால் பந்து நினைத்ததைவிட ஓடும். எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தெரிய, கிரீனை நின்று பார்: பளபளவென்று வெளுத்துத் தெரிந்தால் புல் உன்னைவிட்டு அப்பால் சாய்ந்திருக்கிறது, இருண்டு தெரிந்தால் உன்னை நோக்கி. சந்தேகமிருந்தால் குழிக்குப் போய்க் குனிந்து விளிம்பைப் பார். ஒரு பக்கம் சுத்தமாக வெட்டியது போலவும், எதிர்ப்பக்கம் நார் நாராகக் காய்ந்தும் இருக்கும். காய்ந்த பக்கம் நோக்கித்தான் புல் வளர்கிறது. காலை ஏழு மணிக்குப் பனி ஈரத்தில் நின்றுபோன அதே சிப், பத்தரை மணிக்குக் குழியைத் தாண்டி ஓடும். இதையெல்லாம் பார்க்க ஒரு நிமிஷம்கூட ஆகாது.

அடுத்தது, எந்த கிளப்? உன் பையில் இருக்கும் அறுபது டிகிரி வெட்ஜை ஒரு மாதத்துக்கு வீட்டில் வைத்துவிட்டு வா. ஃபில் மிக்கல்சன் அதைவைத்து வித்தை காட்டியதைப் பார்த்துக் கெட்டுப்போனவர்கள் ஏராளம். அவர் அடித்துப் பழகிய பந்துகளுக்குக் கணக்கில்லை. நீ பந்தைச் சீக்கிரம் கிரீனில் இறக்கி உருளவிடு. சமமான, நடுத்தர வேகக் கிரீனில் தோராயக் கணக்கு இது: சேண்ட் வெட்ஜில் பறந்த தூரமே உருளும், பிட்சிங் வெட்ஜில் அதைப்போல் இரண்டு பங்கு, எட்டு ஐயனில் மூன்று பங்கு. கிரீன் ஓரத்திலிருந்து மூன்றடி உள்ளே ஓர் இடத்தைக் குறித்துக்கொள். பந்து அங்கே இறங்கினால் கொடி வரை உருள எந்த கிளப் என்று பார்த்து அதை எடு. அடி ஒன்றுதான், கிளப்தான் மாறும். புல் அடர்ந்த ரஃபில் கிடந்தாலோ, நடுவில் பங்கர் இருந்தாலோ இது பலிக்காது, அப்போது உயர்த்தித்தான் ஆகவேண்டும். ஆனால் கொடியை எடுக்கச் சொல்லாதே. கிரீனுக்கு வெளியிலிருந்து அடித்த பந்து கொடியில் பட்டால் பெனால்டி கிடையாது, வேகமாக வந்த பந்தைப் பல நேரம் அது நிறுத்திக் கொடுக்கும்.

குறித்த இடத்தைப் பார்த்து அடிப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு 2005 மாஸ்டர்ஸின் பதினாறாவது ஹோலைப் பார். டைகர் வுட்ஸ் அந்தச் சிப்பைக் குழியை நோக்கி அடிக்கவில்லை. குழிக்கு வெகு இடதுபுறம், மேட்டில் ஓர் இடத்தில் பந்தை இறக்கினார். அது சரிவில் திரும்பி, மெல்ல வந்து, விளிம்பில் ஒரு கணம் நின்று விழுந்தது. எல்லோரும் அந்த விளிம்பைத்தான் பார்க்கிறார்கள். நீ முதல் இரண்டு நொடியைப் பார். (அதன் பிறகு அவர் 17, 18 இரண்டிலும் போகி போட்டு, பிளே-ஆஃபில்தான் கிறிஸ் டிமார்கோவை வென்றார் என்பதை யாரும் திரும்பத் திரும்பக் காட்டுவதில்லை.)

நம் நாட்டிலேயே எஸ்.எஸ்.பி. சௌராசியா இருக்கிறார். ராயல் கல்கத்தா கிளப்பில் புல் பராமரித்தவரின் மகன், தானாகவே கற்றுக்கொண்டவர். நெடுந்தூரம் அடிக்கிறவரல்ல. 2008-ல் டெல்லியில் இந்தியன் மாஸ்டர்ஸை வென்றார், 2016-லும் 2017-லும் இந்தியன் ஓப்பனை வென்றார். கிரீனைச் சுற்றி அவர் கை பேசும்.

பயிற்சிக்கு ஒரு கூடைப் பந்தைக் கொட்டி ஒரே இடத்திலிருந்து அடிக்காதே. ஐந்தாவது பந்திலேயே கை பழகிவிடும், ஆட்டத்தில் ஐந்தாவது பந்து கிடையாது. ஒரே பந்தை எடுத்துக்கொள். கிரீனைச் சுற்றி ஒன்பது இடம்: மூன்று சுலபம், மூன்று நடுத்தரம், மூன்று கஷ்டம். ஒவ்வொன்றிலும் சிப் அடி, பட்டரை எடுத்துப் போய்க் குழியில் போட்டு முடி. இடத்துக்கு இரண்டு அடி என்றால் மொத்தப் பார் 18. முதல் வாரம் 26, 27 வந்தாலும் நோட்டில் எழுதி வை, கிழித்துப் போடாதே.

வாரத்துக்கு மூன்று நாள் இதை ஆடி, மாதக் கடைசியில் அந்த எண்களை எனக்கு அனுப்பு. அப்பாவிடம் இந்த வருஷம் டிரைவர் வேண்டாம் என்று சொல்லிவிடு. உன் எண் 21-க்குக் கீழே இறங்கட்டும், டிரைவருக்கு நானே அவரிடம் பரிந்து பேசுகிறேன்.