மரப்பெட்டிக்குள் ஒரு வண்ண உலகம்

நுழையும்முன்

உழவர் ஏரையும் தச்சர் உளியையும் எழுதுவோர் எழுதுகோலையும் போற்றும் மரபு நம்முடையது. கருவியைப் போற்றுவது அதனை உருவாக்கிய உழைப்பைப் போற்றுவதாகும். இங்கிலாந்து நாட்டு ஓவியர்கள் நீர்வண்ணங்களை வைத்துக்கொள்ளப் பயன்படுத்திய மரப்பெட்டியின் கதையை இப்பாடம் எடுத்துரைக்கிறது. அழகிய பொருள் ஒன்றைக் காணும்போது அதன் பின்னால் நிற்கும் கைகளையும் காண வேண்டும் என்பதே இதன் கருத்து.

கைக்குள் ஓர் ஓவியக்கூடம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனில் செய்யப்பட்ட உயர்தர வண்ணப்பெட்டி ஒன்றைத் திறப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். செம்பழுப்பு நிறச் சீமை மகோகனி மரம், முகம் தெரியும் அளவுக்கு மெருகு, பித்தளைக் கீல்கள், சிறு பூட்டு. மூடியைத் தூக்கினால், வரிசையாக வெட்டப்பட்ட சிறு குழிகளில் வண்ணக் கட்டிகள் உறங்குகின்றன. அவற்றின் அருகே தண்ணீருக்கு ஒரு கண்ணாடிக் கிண்ணமும் வண்ணம் குழைக்கப் பீங்கான் தட்டுகளும் உள்ளன. கீழே உள்ள இழுப்பறையை இழுத்தால் தூரிகைகள், கரிக்கோல்கள், குழைதட்டு ஆகியவை அதனதன் இடத்தில் இருக்கின்றன. ஓவியக்கூடம் முழுவதும் ஒருவர் கையில் தூக்கிச் செல்லும் அளவுக்குச் சுருங்கிவிட்டது.

பெட்டி பிறந்த காரணம்

இத்தகைய பெட்டி முற்காலத்தில் தேவைப்படவில்லை. ஓவியர் நிறப்பொடியைத் தாமே கல்லில் அரைத்து, வேலம்பிசின் நீரில் குழைத்து, சிப்பி ஓடுகளில் இட்டுக்கொள்வார். அரைக்கும் உழைப்பே நாளின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். வெளியூர் சென்று இயற்கையைக் கண்டு தீட்டுவது எளிதாக இருக்கவில்லை.

இந்நிலையை மாற்றியவர்கள் வில்லியம் ரீவ்ஸ், தாமஸ் ரீவ்ஸ் என்னும் உடன்பிறந்தோர். நிறப்பொடியைப் பிசினுடன் நன்கு அரைத்து, அச்சில் அழுத்தி, உலர்த்திச் சிறு கட்டிகளாக அவர்கள் விற்றனர். நாம் சந்தனக் கட்டையைக் கல்லில் நீர்விட்டு இழைப்பதுபோல், இக்கட்டியை ஈரத்தட்டில் இழைத்தால் வண்ணம் ஆயத்தமாகிவிடும். இதற்காக இலண்டனின் கலைக்கழகம் 1781ஆம் ஆண்டு அவர்களுக்கு வெள்ளிக் குழைதட்டினைப் பரிசாக அளித்தது. கட்டிகள் வந்தன, அவற்றைக் காக்கப் பெட்டியும் வந்தது.

வண்ணப்பெட்டியை வாங்கியோர் ஓவியர்கள் மட்டுமல்லர். ஒளிப்படக்கருவி தோன்றாத அக்காலத்தில் மலையையும் ஆற்றையும் கோட்டையையும் வரைந்து காட்டுவது படைத்துறைக்கு இன்றியமையாத திறன். ஊல்விச் படைக்கல்விக் கழகத்தில் 1768 முதல் தலைமை ஓவிய ஆசிரியராகப் பணியாற்றியவர் பால் சாண்ட்பி என்னும் புகழ்பெற்ற நீர்வண்ண ஓவியர் என்பதே இதற்குச் சான்று. வசதிமிக்க குடும்பத்துப் பெண்களும் நீர்வண்ணம் பயின்றனர். இவர்களை எண்ணியே ருடால்ப் ஆக்கர்மன் போன்ற வணிகர்கள் விலையுயர்ந்த பெட்டிகளை விற்றனர்.

தச்சரின் கைத்திறன்

நீர்வண்ணப்பெட்டி செய்யும் தச்சருக்கு ஒரு தனிச்சிக்கல் உண்டு. மரம் வெட்டுண்ட பின்னும் அசைவது. காற்றில் ஈரம் மிகுந்தால் விரியும், குறைந்தால் சுருங்கும். இவ்வசைவு பலகையின் நீளவாக்கில் மிகக் குறைவு, அகலவாக்கில் மிகுதி. நீர்வண்ணப்பெட்டியோ எந்நேரமும் ஈரத்தின் அருகிலேயே இருப்பது. சற்றுப் பிசகினாலும் மூடி வளையும், இழுப்பறை சிக்கும்.

ஆகவே தச்சர் நன்கு உலர்ந்த, அசைவு குறைந்த மகோகனியைத் தேர்ந்தார். மூலைகளில் ஆணி அடிக்கவில்லை. புறாவின் வால்போல் விரிந்த பற்களை ஒரு பலகையில் செதுக்கி, மற்றொரு பலகையின் பள்ளங்களில் கோத்தார். இழுக்க இழுக்க இறுகும் இணைப்பு அது. இழுப்பறையின் அடிப்பலகையைப் பசையிட்டு முடக்காமல் பள்ளத்தில் செருகி, விரிந்து சுருங்க இடம்விட்டார். மரத்தை அடக்குவது திறன் அன்று. அதன் இயல்பை அறிந்து இடம்கொடுப்பதே திறன் என்பதை இவ்வேலை உணர்த்துகிறது.

அக்காலப் பெட்டிகளில் பெரும்பாலும் வண்ண வணிகரின் பெயரே காணப்படும். பலகையை இழைத்த தச்சரின் பெயரைக் காண்பது அரிது.

ஒரு பெட்டி, பல நாடுகள்

பெட்டியிலுள்ள கட்டிகள் ஒவ்வொன்றும் ஒரு நிலத்தின் கதையைக் கூறும். செங்காவிப் பழுப்பு இத்தாலியின் சியன்னா மண்ணால் பெயர் பெற்றது. செங்கருஞ்சிவப்பு மெக்சிக்கோவில் கள்ளிச்செடியில் வாழும் சிறு பூச்சியிலிருந்து கிடைத்தது. உயர்ந்த நீலம் ஆப்கானிய மலைகளில் வெட்டியெடுத்த நீலக்கல்லை அரைத்துப் பெறப்பட்டது. கருநீலம் இந்தியாவில் விளைந்த அவுரியின் சாறு. பெட்டியின் மேற்பரப்பைப் பளபளக்கச் செய்த அரக்கும் இந்தியக் காடுகளிலிருந்து சென்றதே.

இந்தியாவிலிருந்து பொருள்கள் அங்குச் சென்றதுபோல, அங்கிருந்து ஓவியர்களும் இங்கு வந்தனர். 1786இல் கல்கத்தா வந்திறங்கிய தாமஸ் டேனியல், அவர் உறவினர் வில்லியம் டேனியல் ஆகியோர் 1792ஆம் ஆண்டு தென்னாட்டில் பயணம் செய்து மதுரை, தஞ்சாவூர், மாமல்லபுரம் முதலிய இடங்களின் காட்சிகளை வரைந்தனர். தஞ்சையிலும் திருச்சிராப்பள்ளியிலும் நம் ஓவியர்கள் ஐரோப்பியர் விருப்பத்திற்கேற்ப நீர்வண்ணப் படங்கள் தீட்டினர்.

மரம் வந்த வழி

மகோகனி இங்கிலாந்தில் விளையும் மரமன்று. 1721ஆம் ஆண்டு, தன் அமெரிக்கக் குடியேற்றங்களிலிருந்து வரும் மரத்திற்கான இறக்குமதி வரியை ஆங்கிலேய அரசு நீக்கியது. அதன்பின் ஜமைக்காவிலிருந்தும், பின்னர் இன்று பெலிசு என வழங்கும் நிலப்பகுதியிலிருந்தும் மகோகனி கப்பல் கப்பலாக வந்தது.

அம்மரத்தை வெட்டியவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களும் அவர்தம் வழியினரும். அடர்ந்த காட்டுள் மகோகனி மரங்கள் கூட்டமாக வளர்வதில்லை, தனித்தனியே நிற்கும். அவற்றைத் தேடிக் கண்டுபிடிப்பதே தனித்திறன். அடிமரம் பருத்து விரிந்திருப்பதால் உயரமான பரண் கட்டி, அதன்மேல் நின்று கோடரி வீச வேண்டும். பகல் வெப்பம் தாங்காமல் இரவில் தீப்பந்த ஒளியில் மாடுகள் பூட்டி மரங்களை ஆற்றங்கரைக்கு இழுத்தனர். மழைக்காலப் பெருக்கில் அவை கடலை நோக்கி மிதந்து சென்றன. இவ்வளவு அறிவும் வலிமையும் கொண்ட அம்மக்கள் தம் உழைப்புக்கும் தம் உடலுக்கும் உரிமையற்றவர்களாக வைக்கப்பட்டிருந்தனர். ஆங்கிலேயப் பேரரசில் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் 1833இல்தான் நிறைவேறியது.

இதனை அறிந்தபின் அப்பெட்டியை நாம் எவ்வாறு பார்ப்பது? அதன் அழகு பொய்யாகிவிடாது. தச்சரின் திறனும் குறைந்துவிடாது. ஆனால் அழகை மட்டும் கண்டு, அதற்குத் தரப்பட்ட விலையைக் காணாமல் விடுவது அரைப் பார்வையாகும். நாம் இன்று விரும்பி வாங்கும் பொருள்களுக்கும் இது பொருந்தும்.

நிறத்தின் நேர்மை

1832இல் வில்லியம் வின்சர், ஹென்றி நியூட்டன் ஆகியோர் இலண்டனில் வண்ண நிறுவனம் தொடங்கினர். கிளிசரின் சேர்த்த ஈர வண்ணங்களை அவர்கள் விற்பனைக்குக் கொண்டுவந்தனர். இழைக்கத் தேவையில்லை; ஈரத்தூரிகை பட்டாலே வண்ணம் கரையும். ஆயினும் ஒரு கேள்வி எஞ்சியிருந்தது. பெட்டியில் ஒளிரும் நிறம் படத்தில் நிலைக்குமா?

இதனை ஆராய்ந்த ரஸல், ஆப்னி என்னும் அறிவியலாளர்கள் 1888இல் தம் அறிக்கையை அளித்தனர். பல நிறங்கள் ஒளியால் மங்குகின்றன. காற்றின் ஈரமும் அதற்குத் துணைசெய்கிறது என அவர்கள் காட்டினர். பூச்சியிலிருந்து பெற்ற சிவப்பு விரைவில் வெளுத்தது. காவிமண் நிறங்கள் நிலைத்தன. 1892இல் வின்சர் அண்டு நியூட்டன் நிறுவனம் தன் வண்ணங்களின் சேர்பொருள்களையும் நிலைப்புத்தன்மையையும் வெளிப்படையாக அறிவித்தது. பெட்டியின் மெருகைவிட உள்ளிருக்கும் வண்ணத்தின் உண்மையே ஓவியரைக் காப்பது.

பெட்டியும் கண்ணும்

இங்கிலாந்தின் தலைசிறந்த நீர்வண்ண ஓவியராகப் போற்றப்படும் டர்னர், முடிதிருத்துவோர் ஒருவரின் மகன். பயணத்தின்போது அவர் பயன்படுத்திய வண்ணப்பெட்டி ஒன்று பெட்டியே அன்று. ஆண்டுக்குறிப்பு நூல் ஒன்றின் அட்டையை மடித்து, அதனுள் வண்ணக் கட்டிகளை ஒட்டிக்கொண்டார். அவ்வளவே. அந்த அட்டை சட்டைப்பையில் அடங்கும். விடியலும் மூடுபனியும் புயற்கடலும் அதற்குள்ளிருந்தே பிறந்தன.

நல்ல கருவி கலைஞருக்குத் துணை. அது கைக்கு இசைவானது, பொருளைக் காப்பது, தொழிலில் மதிப்பை ஊட்டுவது. ஆனால் கருவி காணாது, கண்ணே காண்கிறது. விலையுயர்ந்த பெட்டி இல்லை என்று ஏங்கித் தூரிகையைத் தொடாமலிருக்கும் மாணவருக்கு டர்னரின் அட்டை விடை சொல்கிறது. நல்ல பெட்டி கையில் கிடைத்த மாணவரோ, அதை இழைத்த கையையும் மரம் வெட்டிய கையையும் ஒருமுறையேனும் எண்ணிப்பார்க்கக் கடமைப்பட்டவர்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் மரவேலை செய்யும் ஒருவரைச் சந்தித்து, பலகைகளை ஆணியின்றி இணைக்கும் முறைகளையும் அவற்றுக்கு அவர் வழங்கும் பெயர்களையும் கேட்டறிந்து தொகுக்க.

2. நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் பொருள் ஒன்று எவ்வெவ்விடங்களிலிருந்து, எவரெவர் உழைப்பால் உங்களிடம் வந்தது என்பதை ஒரு பக்க அளவில் எழுதுக.

3. 'கலைக்குப் பெரிதும் வேண்டுவது கருவியா? பயிற்சியா?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.