கேட்டதற்கு உண்மை, கேட்காததற்கு மௌனம்

வேலை தேடும் தூத்துக்குடி மில்லர்புரத்துப் பிள்ளைகளே,

துறைமுகத்தை ஒட்டிய ஒரு கம்பெனியின் பணியாளர் பிரிவில், வேலைக்கு வந்தவர்களின் படிவங்களைப் படித்தே முடி நரைத்தவன் நான். அந்தக் காலத்தில் சர்ட்டிபிகேட்டும் தெரிந்தவர் ஒருவரின் சிபாரிசும் இருந்தால் போதும். இப்போது இன்டர்வியூவில் தேறிய பிறகுதான் அடுத்த பரீட்சை ஆரம்பிக்கிறது. போலீஸ் வெரிஃபிகேஷன், பழைய கம்பெனியில் விசாரிப்பு, சிபில் ஸ்கோர் என்று வரிசையாக வருகிறது. மார்க்கில் தோற்காத பிள்ளைகள் இதில் தோற்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1. உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையை வங்கிக்காரர் பார்ப்பதற்கு முன் நீங்கள் பாருங்கள். தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி பிறந்த ஊர் இது. வங்கித் தேர்வுக்குப் படிக்காத தெரு இங்கே கிடையாது. ஸ்டேட் வங்கியின் அதிகாரி வேலைக்குத் தேர்வான ஒருவருக்கு 2021 மார்ச்சில் நியமன ஆணை வந்தது; மறுமாதமே அது ரத்தானது. காரணம், சிபில் அறிக்கையில் இருந்த பழைய கடன் பாக்கி. வாங்கிய கடனையெல்லாம் கட்டி முடித்துவிட்டேன் என்று அவர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2025 ஜூனில் நீதிமன்றம் வங்கியின் பக்கமே நின்றது. கடன் தவணை தவறியவர்கள் தகுதியற்றவர்கள் என்று வேலை அறிவிப்பிலேயே போட்டிருந்தது, பொதுப்பணத்தைக் கையாளும் இடத்தில் பண ஒழுக்கம் கேட்பது தவறில்லை என்பது தீர்ப்பின் சாரம். ஆகவே அறிவிப்பைக் கடைசி வரி வரைக்கும் படியுங்கள். வங்கித் தேர்வு நடத்தும் ஐ.பி.பி.எஸ். அறிவிப்புகளிலும் சிபில் பற்றிய பத்தி இருக்கிறது: வேலையில் சேரும் முன் கணக்கைச் சரிசெய்ய வேண்டும், அல்லது கடன் கொடுத்தவரிடம் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும்.

சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று நான்கு நிறுவனங்கள் இத்தகைய கடன் அறிக்கையைத் தயாரிக்கின்றன. ஆளுக்கு ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. நீங்கள் வாங்காத கடன் உங்கள் பெயரில் இருந்தால் உடனே புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் அதற்குப் பிறகு நாளொன்றுக்கு 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு.

2. ‘செட்டில்மென்ட்’ என்றால் கவனம். மொபைலில் லோன் ஆப் வழியாகப் பத்தாயிரம் வாங்கியிருப்பீர்கள். கட்ட முடியாமல் போனதும் கலெக்‌ஷன் ஆள் போன் போட்டு, “பாதி கட்டுங்க, முடிச்சிரலாம்” என்பார். கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குவீர்கள். ஆனால் அறிக்கையில் அந்தக் கணக்குக்கு நேரே ‘செட்டில்டு’ என்று விழும். முழுதாகக் கட்டியவருக்குத்தான் ‘க்ளோஸ்டு’. முன்னதைப் பார்க்கும் வங்கி அதிகாரி, இவர் முழுக் கடனையும் அடைக்காதவர் என்றே எடுத்துக்கொள்வார். முடிந்தால் முழுதாகக் கட்டுங்கள். நிலுவை ஏதுமில்லை என்ற கடிதத்தைக் கையெழுத்தோடு வாங்கி வையுங்கள். ஒரு மாதம் கழித்து, அறிக்கையில் மாறியிருக்கிறதா என்று மறுபடி பாருங்கள்.

3. கல்விக் கடன் உங்கள் பெயரில்தான் இருக்கிறது. அப்பா உடன் கையெழுத்துப் போட்டவர். இன்ஜினியரிங் முடித்து இரண்டு வருடம் வேலை கிடைக்காத பிள்ளைக்கு அந்தத் தவணை தவறத்தான் செய்யும். கடனை அடைக்க வேலை வேண்டும், வேலைக்குக் கடன் சுத்தமாக இருக்க வேண்டும் என்றால் அந்தப் பிள்ளை எங்கே போவான்? இது அநியாயம். படிப்பதற்காக வாங்கிய கடனை, சூதாட்டத்துக்கு வாங்கிய கடனோடு ஒரே தட்டில் வைக்கக் கூடாது. ஆனால் விதி மாறும் வரை சும்மா இருக்காதீர்கள். தவணை தவறும் முன்பே கிளைக்குப் போய், தவணையைத் தள்ளிப்போட எழுத்தில் மனுக் கொடுங்கள். நண்பனுக்கு ஜாமீன் போட்டிருந்தால் அவன் தவறுவதும் உங்கள் கணக்கில் ஏறும், மறக்காதீர்கள்.

4. போலீஸ் பற்றிய கேள்விக்குப் பொய் எழுதாதீர்கள். அரசு வேலைக்கான படிவத்தில் ஒரு பக்கம் முழுக்க ஆம், இல்லை என்று டிக் அடிக்கச் சொல்வார்கள். எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா? வழக்குத் தொடரப்பட்டதா? அபராதம் கட்டினீர்களா? இப்போது வழக்கு நிலுவையில் இருக்கிறதா? பயத்தில் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று அடித்துவிடுகிறார்கள். வழக்கைவிட மறைத்ததுதான் பிறகு பெரிய குற்றமாகிறது. அவதார் சிங் வழக்கில் 2016-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. உண்மையைச் சொன்னாலும் உங்கள் பின்னணியை எடைபோட முதலாளிக்கு உரிமை உண்டு. ஆனால் இளவயதில் கோஷம் போட்டது போன்ற சிறு விஷயத்தை மறைத்திருந்தால் அதை அவர் பொறுத்துக்கொள்ளலாம். இன்னொன்றையும் அதே தீர்ப்பு சொன்னது: படிவம் குறிப்பாகக் கேட்டதைத்தான் சொல்ல வேண்டும், கேட்காததை மறைத்ததாக யாரும் குற்றம் சாட்ட முடியாது.

5. கோஷம் என்றதும் நம் ஊர் பிள்ளைகளுக்கு எது நினைவு வரும் என்று தெரியும். 2018 மே 22-இல் ஸ்டெர்லைட் எதிர்ப்பு ஊர்வலத்திலும் மறுநாளும் துப்பாக்கிச் சூடு நடந்து மொத்தம் 13 பேர் இறந்தார்கள். அதன் பிறகு வழக்குகளில் பெயர் சேர்ந்தவர்கள் ஏராளம். பாஸ்போர்ட்டுக்குப் போனாலும் துறைமுக நுழைவுச் சீட்டுக்குப் போனாலும் அந்தப் பெயர் குறுக்கே நின்றது. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் 2021 மே மாதம் இடைக்கால அறிக்கை கொடுத்தது. அதன்படி, சி.பி.ஐ.க்கு மாற்றியவை போன்ற சில நீங்கலாக, வழக்குகளை வாபஸ் வாங்குவதாகவும், படிப்புக்கும் வேலைக்கும் தடையில்லாச் சான்று தருவதாகவும் அரசு அறிவித்தது. அரசு அறிவித்துவிட்டது என்று சும்மா இருந்துவிடாதீர்கள். உங்கள் வழக்கு முடிந்த உத்தரவின் சான்றிட்ட நகலைக் கையில் வைத்திருங்கள். படிவம் கேட்டால், “வழக்கு இருந்தது, வாபஸ் ஆனது” என்று எழுதி நகலை இணையுங்கள். ஊருக்காக நின்றதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

6. பெண் பிள்ளைகள் இதைப் படிக்க வேண்டும். எல்.ஐ.சி. ஒரு காலத்தில் வேலைக்குச் சேரும் பெண்களிடம் மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, எத்தனை முறை கருவுற்றீர்கள் என்றெல்லாம் படிவத்தில் எழுதிக் கேட்டது. நீரா மாத்தூர் என்பவர் உச்ச நீதிமன்றம் போனார். அந்தக் கேள்விகளை நீக்கும்படி நீதிமன்றம் சொன்னது, ஆண்டு 1991. இன்றும் “கல்யாணம் எப்போ, குழந்தை எப்போ” என்று இன்டர்வியூவில் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். “வேலைக்கு வேண்டிய கேள்வியைக் கேளுங்கள் சார்” என்று மரியாதையாகச் சொல்லலாம். எந்தத் தெரு, எந்தக் கோயில் என்று சுற்றி வளைத்துச் சாதியைத் தேடுகிறவருக்கும் இதே பதில்தான். எச்.ஐ.வி. பரிசோதனையை வேலைக்கு நிபந்தனையாக்கக் கூடாது என்று 2017-இல் சட்டமே வந்துவிட்டது.

7. ஆதார் நகல் கேட்டால் எண்ணை மறைத்த ஆதாரைக் கொடுங்கள். நகல் எதுவானாலும் குறுக்கே, எந்தக் கம்பெனிக்கு எதற்காக என்று தேதியோடு எழுதுங்கள். ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்ல வேண்டாம்.

8. மறுத்தால் காரணம் கேளுங்கள், எழுத்தில். அமெரிக்காவில் 1970 முதல் இருக்கும் கடன் அறிக்கைச் சட்டத்தின்படி, அறிக்கையைப் பார்த்து வேலை மறுப்பவர் அதன் நகலை முதலில் விண்ணப்பித்தவர் கையில் கொடுக்க வேண்டும். நியூயார்க் நகரத்தில் 2015 முதல் பெரும்பாலான வேலைகளுக்குக் கடன் அறிக்கையைப் பார்க்கவே கூடாது. நமக்கு அந்தப் பாதுகாப்பு இன்னும் வரவில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017-இல் சொன்னார்கள். 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. ஆனால் வேலை தொடர்பான சில பயன்பாடுகளுக்குச் சம்மதம் கேட்க வேண்டாம் என்று அந்தச் சட்டமே முதலாளிக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. தனியார் கம்பெனி காரணம் சொல்லாமலே கதவைச் சாத்தலாம். அப்படியும் கேளுங்கள். தவறான தகவலால் மறுத்திருந்தால், கேட்டால்தானே திருத்த முடியும்?

இந்த ஊரில் ஆள் எடுக்கும் கம்பெனிக்காரர்களுக்கும் வங்கிக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு பிள்ளையை வேண்டாம் என்று முடிவு செய்தால், எந்தக் காகிதத்தைப் பார்த்து அப்படி முடிவு செய்தீர்கள் என்று ஒரே ஒரு வரி எழுதிக் கொடுங்கள். அது தப்பான காகிதமாக இருந்தால் அவன் திருத்திக்கொண்டு வரட்டும்.