இருசில்லு உழவு இயந்திரத்தின் வார்ப்பட்டியும் கிளச்சும்

வத்தளைக்கு வடக்கே முத்துராசவெலச் சதுப்பை அடுத்த தாழ்நிலங்களில் மண் பெரும்பாலும் அழுகிய தாவரம் படிந்த கருஞ்சேறாகும். இத்தகைய சேற்றில் இருசில்லு உழவு இயந்திரம் புதையும்போது எஞ்சின் சுழன்றுகொண்டே இருக்கும், சில்லு நகராது. அவ்வேளை இடையிலுள்ள வார்ப்பட்டியோ கிளச்சோ வழுக்குகின்றது. வழுக்குமிடத்தில் எஞ்சினின் வலு வெப்பமாக மாறி, பட்டியின் இறப்பரையும் கிளச்சுத் தட்டையும் எரிக்கின்றது. சேறடிக்கும் நாட்களில் இயந்திரம் நின்றுவிட்டால் வயலிற் கட்டிய நீரும் நாற்றின் வயதும் நமக்காகக் காத்திரா.

1960களில் இங்கிலாந்திலிருந்து வந்த லாண்ட்மாஸ்டரின் பெயராலேயே இன்றும் பலர் இவ்வியந்திரத்தை அழைக்கின்றனர். பின்னர் யப்பானிய, சீன இயந்திரங்கள் வந்தன. வார்ப்பட்டியால் எஞ்சினின் வலுவைக் கடத்தும் வகைகளுக்கே இங்குக் கூறுவன பொருந்தும்.

பட்டியானது கப்பிக் காடியின் இரு பக்கச் சுவர்களிலும் ஆப்புப்போல் இறுகியே வலுவைக் கடத்துகின்றது. காடியின் அடியைத் தொடுமளவுக்குத் தேய்ந்த பட்டியை எவ்வளவு இறுக்கினும் பயனில்லை. பக்கங்கள் கண்ணாடிபோல் மினுங்குதல், உட்புறம் வெடித்தல், கருகிய இறப்பர் மணம் ஆகியவை வழுக்கலின் அடையாளங்கள்.

எஞ்சினை நிறுத்தியபின் பட்டியின் நடுவிற் பெருவிரலால் அழுத்திப் பார்க்க. இயந்திரத்தின் கைந்நூலிற் கூறிய அளவே சரியானது; கைந்நூல் இல்லாதவிடத்து ஏறக்குறைய 2 சதமமீற்றர் தாழ்தல் போதும். அதிலும் இறுக்கினால் போளைகள் கெடும். புதுப்பட்டி முதல் சில மணி நேர வேலையில் நீளுமாதலால் மீண்டும் சோதித்தல் வேண்டும். இரண்டு மூன்று பட்டிகள் உள்ளவிடத்து ஒன்றை மாத்திரம் மாற்றலாகாது. புதியதே முழுச் சுமையையும் ஏற்று விரைவில் அறும். பட்டியைத் திருப்புளியால் நெம்பி ஏற்றுவாரைப் பலமுறை கண்டிருக்கிறேன். உள்ளிருக்கும் நூல் அங்கேயே அறுந்துவிடுகிறது. பழியோ கடைக்காரர்மேல் விழுகிறது! எஞ்சினின் அடி ஆணிகளைத் தளர்த்தி அதனை நகர்த்தியே பட்டியை மாட்டுக. குங்கிலியமோ எண்ணெயோ தடவற்க.

கிளச்சு நெம்பை முழுதாகப் பிடித்தல் அல்லது முழுதாக விடுதல் என்ற இரண்டே நிலைகள் உண்டு. அரைகுறையாக வைத்துச் சேற்றைக் கடக்க முயல்வதே தட்டு எரிவதற்கு முதற்காரணம். இயந்திரம் புதைந்தால் கிளச்சை விடுவித்து, சில்லின்முன் தென்னோலை அல்லது பலகை இட்டு, மிகக் குறைந்த கியரில் எடுக்க. கிளச்சு சூடேறி மணத்தால் நிழலில் ஆறவிடுக. நீர் ஊற்றினால் உலோகம் கோணவோ வெடிக்கவோ கூடும். கிரீஸை அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் அது தட்டிற் படிந்து, இறுக்கமான கிளச்சையும் வழுக்கச் செய்யும்.

பட்டியின் மூடியைக் கழற்றிவிட்டு உழுதல் ஆகாது. சாரத்தின் நுனி கப்பியிற் சிக்கினால் கால் தப்புவது அரிது.

பட்டியின் முதுகில் அதன் அளவைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் அச்சிடப்பட்டிருக்கும். அவை தேய்ந்து மறையுமுன் ஒரு தாளிற் குறித்து வைத்துக்கொள்க. உழவுக்காலத்திற்கு முன்னரே அதே அளவில் ஒரு தொகுதி வாங்கி, வெயிலும் டீசலும் படாத இடத்தில் மடிக்காமல் தொங்கவிடுக.