பழைய படத்திடம் கேட்க வேண்டியவை

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கிலாந்துக் கடற்கரை ஊர்களின் பழைய புகைப்படங்கள் அடங்கிய புத்தகத்தை நூலகத்திலிருந்து எடுத்துவந்து, இரவு வெகுநேரம் புரட்டிக்கொண்டிருந்ததாக எழுதியிருக்கிறாய். கடைசியில் "எவ்வளவு நிம்மதியான காலம்!" என்று ஒரு வரி, அதன் கீழே ஒரு கோடு. படங்கள் உன்னைப் பிடித்துக்கொண்டதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் அந்த வரியை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. அந்த நிம்மதி ஊரில் இருந்ததா, படத்தில் மட்டும் இருந்ததா என்று பார்க்கப் பழகிவிட்டால், இதே புத்தகம் உனக்கு இன்னும் எவ்வளவோ தரும். அதற்குச் சில கேள்விகள் போதும்.

முதல் கேள்வி: இந்தப் படத்தை எடுத்தவர் யார், யாருக்காக எடுத்தார்?

உன் புத்தகத்தில் ஃபிரான்சிஸ் ஃபிரித் என்ற பெயர் பல இடங்களில் வந்திருக்கும். 1822இல் பிறந்தவர். எகிப்திலும் பாலஸ்தீனத்திலும் படமெடுத்துப் புகழ்பெற்ற பிறகு, 1860ஐ ஒட்டி ரைகேட் என்ற ஊரில் தன் நிறுவனத்தைத் தொடங்கினார். நாட்டின் ஊர் ஒவ்வொன்றையும் படமெடுத்து விற்பது அவர் திட்டம். ரயில் கடற்கரை வரை வந்துவிட்டது. 1871இல் வங்கி விடுமுறைச் சட்டமும் வந்தது. ஆலைத் தொழிலாளியும் கடைச் சிப்பந்தியும் ஒருநாள் கடல் பார்க்கக் கிளம்பினார்கள். திரும்பும்போது நினைவாக ஒரு படம் வாங்கிப் போனார்கள். அப்படி வாங்குபவருக்குக் கடற்பாலம் வேண்டும், உலாவும் சாலை வேண்டும், துறைமுகத்தில் படகுகள் வேண்டும். சந்துக்குள் ஒழுகும் கூரையைக் காசு கொடுத்து யார் வாங்குவார்? ஆகவே விற்பனைக்கு எடுத்த படம் ஊரின் முகத்தைக் காட்டும், முதுகைக் காட்டாது. அது பொய் சொல்கிறது என்று நான் சொல்லவரவில்லை. எதைச் சொல்ல வந்ததோ அதைச் சொல்கிறது. மீதியை நாம்தான் தேட வேண்டும்.

இரண்டாவது கேள்வி: அந்தக் கேமராவுக்கு எது முடியும், எது முடியாது?

1850களிலிருந்து 1870கள் வரை வெளியூர்ப் படம் எடுப்பவர் கூடாரத்தையே இருட்டறையாகச் சுமந்து செல்ல வேண்டியிருந்தது. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தைப் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். படம் பதியப் பெரும்பாலும் சில விநாடிகள் ஆகும். அதற்குள் அசைந்த குழந்தை மங்கிப்போகும். நடந்து சென்றவர் படத்திலேயே இருக்கமாட்டார். அலைகள் ஒன்றன்மேல் ஒன்று பதிந்து பனிமூட்டம்போல் ஆகிவிடும். அந்தத் தகடுகளில் நீல நிறம் மிக வேகமாகப் பதியும். அதனால் வானம் வெறும் வெள்ளையாகத்தான் வரும். வெறிச்சோடிய தெருவும் அசையாத கடலும் மேகமில்லா வானமும் சேர்ந்துதான் உனக்கு அமைதியாகத் தெரிகின்றன. அவற்றில் பாதி வேதியியலின் வேலை.

கேமராவுக்கு முன்னால் ஒரு காட்சியைக் கலைஞன் எப்படி அமைத்தான் என்று பார்க்க ஃபிராங்க் மெடோ சட்கிளிஃப் எடுத்த விட்பி படங்களுக்குப் போ. விட்பி, யார்க்ஷயர் கரையிலுள்ள மீன்பிடித் துறைமுகம். விடுமுறைக்கு வருபவர்களை உருவப்படம் எடுத்துத்தான் அவர் பிழைத்தார். மனதுக்குப் பிடித்து எடுத்ததோ மீனவர்களையும் அவர்கள் வீட்டுப் பெண்களையும் துறைமுகச் சிறுவர்களையும். 1886இல் எடுத்த 'வாட்டர் ராட்ஸ்' படத்தில், துறைமுகத்தின் அசையாத நீரில் ஒரு படகைச் சுற்றி அம்மணமாகச் சிறுவர்கள் விளையாடுகிறார்கள். தற்செயலாகக் கண்ணில் பட்ட காட்சிபோல் இருக்கும். ஆனால் உற்றுப்பார்: ஒவ்வொரு உடம்பும் எங்கே நிற்க வேண்டும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது கணக்காக அமைந்திருக்கிறது. உள்ளூர்ப் பாதிரிமார் அந்தப் படத்தைக் கண்டித்தார்கள். பின்னாளில் ஏழாம் எட்வர்டு மன்னரான வேல்ஸ் இளவரசர் அதன் பெரிய பிரதியை வாங்கினார். இயல்பாகத் தெரிவதற்குப் பின்னாலும் உழைப்பு இருக்கிறது என்பதை இந்தப் படத்தில் கற்றுக்கொள்ளலாம்.

மூன்றாவது: எப்போது எடுத்தது?

அடியில் ஆண்டு அச்சிட்டிருந்தாலும் நீயே ஒருமுறை சரிபார். பிளாக்பூல் படத்தில் அந்த உயரமான இரும்புக் கோபுரம் நிற்கிறதா? அது திறக்கப்பட்டது 1894இல். பிரைட்டன் படத்தில் சங்கிலிகளில் தொங்கும் கடற்பாலம் தெரிகிறதா? அப்படியானால் 1896 டிசம்பருக்கு முந்தியது. அந்த மாதத்துப் புயலில் பாலம் போய்விட்டது. அஞ்சலட்டை என்றால் திருப்பிப் பார். பின்புறம் நடுவில் கோடிட்டு, ஒரு பாதியில் செய்தியும் மறுபாதியில் முகவரியும் எழுத இடம் விட்டிருந்தால் அது 1902இலோ அதற்குப் பிறகோ வந்த அட்டை. அதற்கு முன் அந்தப் பக்கம் முழுக்க முகவரிக்கே உரியது; செய்தியைப் படத்தின் ஓரத்தில்தான் நெருக்கி எழுதுவார்கள். உள்நாட்டுக்குப் போன அட்டையில் அரை பென்னி தபால்தலை ஒட்டியிருந்தால், 1918இல் கட்டணம் ஒரு பென்னி ஆவதற்கு முன் அனுப்பியது என்று கொள்ளலாம். ஆனால் அனுப்பிய நாளும் படமெடுத்த நாளும் வேறு. பத்தாண்டு பழைய படத்தையும் கடையில் விற்றுக்கொண்டிருப்பார்கள்.

நான்காவது: கைகளைப் பார்.

முகம் கேமராவுக்காகச் சிரிக்கும். கைகளுக்கு நடிக்கத் தெரியாது. யார்மத், லோஸ்டாஃப்ட் துறைமுகங்களில் ஹெர்ரிங் மீன் சுத்தம் செய்யும் பெண்களின் படங்கள் உன் புத்தகத்தில் கட்டாயம் இருக்கும். பெரும்பாலோர் ஸ்காட்லாந்துப் பெண்கள். மீன்கூட்டம் தெற்கே நகர நகரத் துறைமுகம் துறைமுகமாக வேலை தேடி வந்து, இலையுதிர் காலத்தில் இங்கே சேர்வார்கள். மூவர் ஒரு குழு: இருவர் குடலை எடுப்பார்கள், ஒருவர் பீப்பாயில் உப்பிட்டு அடுக்குவார். தோளோடு தோள் சேர்த்துச் சிரித்தபடி நிற்பார்கள். விரல்களைப் பார். ஒவ்வொரு விரலிலும் துணிக்கீற்று சுற்றி நூலால் கட்டியிருக்கும். கத்தி கீறாமலிருக்கவும், கீறிய இடத்தில் உப்பு ஏறாமலிருக்கவும் அந்தக் கட்டு. அந்தத் தொழில் உச்சத்தைத் தொட்டது 1913இல். அந்தப் படங்களிலுள்ள சிரிப்பும் உண்மை, விரல்கட்டும் உண்மை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவர்களைப் பார்த்ததாகும்.

ஐந்தாவதுதான் எனக்கு மிக முக்கியம்: இதே இடத்தின் இன்னொரு படம் எங்கே?

சஃபோக் கரையில் டன்னிச் என்ற ஊர். இடைக்காலத்தில் பெரிய துறைமுகம். 1286இலிருந்து அடுத்தடுத்து வந்த புயல்களில் கடலுக்குள் போய்க்கொண்டே இருந்தது. அங்கே கடைசியாக மிஞ்சிய பழைய தேவாலயம் 1904க்கும் 1919க்கும் இடையில் கடலோரக் குன்றின் விளிம்பிலிருந்து பகுதி பகுதியாகச் சரிந்தது. அப்போது அஞ்சலட்டைக் காலம் என்பதால், சரிவின் ஒவ்வொரு கட்டமும் படமாக இருக்கிறது. ஒரே ஒரு படத்தைப் பார்த்தால் அழகான இடிபாடு. வரிசையாக வைத்துப் பார்த்தால், கடல் நிலத்தைத் தின்னும் வேகம் தெரியும்.

டெவனிலுள்ள ஹால்சண்ட்ஸ் கதையில் கடல் மட்டும் குற்றவாளி இல்லை. பாறைத் திட்டின்மேல் ஒரு வரிசை வீடுகள், எதிரே அகன்ற கூழாங்கல் கரை, அதில் இழுத்துவிட்ட படகுகள் என்று இருந்த மீனவர் கிராமம். பிளிமத்தில் கடற்படைத் தளத்தை விரிவாக்கக் கல் தேவைப்பட்டது. 1897இலிருந்து இந்தக் கரைக்கு எதிரே கடலடியில் கூழாங்கல்லை அள்ளினார்கள். மொத்தம் சுமார் 6,50,000 டன். அள்ளிய இடத்தைக் கடலே நிரப்பிவிடும் என்றார்கள். கிராமத்தார் ஆரம்பத்திலேயே எதிர்த்து முறையிட்டார்கள். கடல் நிரப்பவில்லை, கரைதான் அந்தப் பள்ளத்தை நோக்கி இறங்கியது. 1902இல் அனுமதியை ரத்து செய்தபோது காலம் கடந்துவிட்டது. 1917 ஜனவரி 26 இரவு, கிழக்கிலிருந்து அடித்த புயலும் கடல் ஏற்றமும் சேர்ந்து கிராமத்தை உடைத்தன. உயிர்ச்சேதம் இல்லை, குடியிருக்கத் தகுந்ததாக ஒரே ஒரு வீடு மிஞ்சியது. அதில் ஒரு பெண்மணி 1964இல் இறக்கும்வரை வாழ்ந்தார்.

1917க்குப் பிந்திய படத்தை மட்டும் பார்ப்பவர், "புயல் அழித்த ஊர்" என்று சொல்லிவிட்டு நகர்வார். ஹான்ஸ்ஃபோர்ட் வொர்த் என்ற பிளிமத் பொறியாளர் அப்படி நகரவில்லை. புயலுக்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே அங்கே போய்க் கரைமட்டத்தை அளந்தார், படமெடுத்தார், அச்சில் வெளியிட்டார். படகுகள் கிடந்த கரை ஆண்டுக்கு ஆண்டு தாழ்ந்ததும், வீடுகளின் அடிப்பாறை வெளியே வந்ததும் அவர் பதிவில் இருக்கின்றன. அந்தப் பதிவும் மீனவர்கள் சொன்னதும் ஒன்றையே காட்டின. புயல் கடைசி அடியைத்தான் கொடுத்தது. அதற்கு வழி திறந்தவர்கள் மனிதர்கள்.

இதனால்தான் அங்கே வாழ்ந்தவர்களின் நினைவுகளையும் படத்தோடு சேர்த்துப் படிக்கச் சொல்கிறேன். படம் எப்படி இருந்தது என்று சொல்லும். ஏன் என்று சொல்லாது. மனிதர் ஏன் என்று சொல்வார். ஆனால் ஆண்டை மாற்றிச் சொல்லிவிடுவார், தன் இளமையின் இனிமையை ஊரின்மேல் ஏற்றிச் சொல்லுவார். ஒன்றின் குறையை மற்றது தீர்க்கும். ஜார்ஜ் யூவர்ட் எவன்ஸ் என்ற எழுத்தாளர் சஃபோக்கில் குடியேறி, 1950களில் அக்கம்பக்கத்து முதியவர்கள் பேசியதைப் பதிவுசெய்தார். பேர் பெற்றவர்களைத் தேடிப் போகாமல், கையால் வேலை செய்தவர்களிடம் வேலையைப் பற்றியே கேட்டார். நீயும் முதியவர்களிடம் எந்தக் கருவி, எவ்வளவு கூலி, எப்போது ஓய்வு என்று கேள். "அந்தக் காலம் எப்படி?" என்று பொதுவாகக் கேட்டால் பெருமூச்சுதான் பதிலாக வரும்.

இப்போது உனக்கு ஒரு வேலை தருகிறேன். புத்தகத்திலிருந்து ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொள். மேலே சொன்ன ஐந்து கேள்விகளையும் கேட்டு, தெரிந்ததை ஒரு பக்கத்திலும், இன்னும் தெரிந்துகொள்ள வேண்டியதை எதிர்ப்பக்கத்திலும் எழுது. இரண்டாவது பக்கம் நீண்டால் கவலைப்படாதே; நல்ல ஆராய்ச்சி அங்கேதான் தொடங்கும். உன் கைக்கு வரும் எந்தப் பழைய படத்தின் பின்னாலும், ஊர், ஆண்டு, ஆட்களின் பெயர் ஆகியவற்றைத் தெரிந்தவர் இருக்கும்போதே மென்மையான பென்சிலால் குறித்துவை. அவர்கள் போன பிறகு எவ்வளவு கெட்டிக்காரராலும் அதை மீட்க முடியாது. எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பு. படித்துவிட்டு என் கேள்விகளையும் சேர்த்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் பெரியப்பா