மூங்கில் உண்டியலும் நம்ம குழுச் சேமிப்பும்



குழுவில் ஒரு அக்காவுக்கு நடுராத்திரியில் வலி வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். கையில் காசு இல்லை. அப்போது நம்ம குழு என்ன செய்யும்? இதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

1966-ல் தைவானில் செங் யென் என்ற புத்த பிக்குணி, ஃபெங்லின் என்ற சின்ன ஊருக்கு ஒரு நோயாளியைப் பார்க்கப் போனார். ஆஸ்பத்திரித் தரையில் ரத்தம் கிடந்தது. விசாரித்தார். மலைவாழ் பெண் ஒருத்திக்குக் கரு கலைந்துவிட்டது, முன்பணம் கட்ட வழியில்லாமல் திரும்பத் தூக்கிப் போய்விட்டார்கள் என்று சொன்னார்களாம். அவர் தொடங்கிய ட்ஸு ச்சி அமைப்பு தன் வரலாற்றை இப்படித்தான் சொல்கிறது.

'ஐயோ பாவம்' என்று சொல்லிவிட்டு அவர் சும்மா இருக்கவில்லை. கணக்குப் போட்டார். 30 குடும்பப் பெண்களிடம் ஆளுக்கொரு மூங்கில் உண்டியல் கொடுத்தார். மார்க்கெட்டுக்குப் போகும் முன் தினமும் அரை டாலர் (தைவான் பணம்) அதில் போட வேண்டும். "மாசம் 15 டாலரா மொத்தமா தந்துடுறோமே" என்று கேட்டார்களாம். வேண்டாம், தினமும் போட்டால்தான் கொடுக்கிற மனசு தினமும் வரும் என்றார். அவரோடு சேர்த்து 6 பிக்குணிகள் தினமும் ஆளுக்கு ஒரு ஜோடி குழந்தைக் காலணி கூடுதலாகத் தைத்தார்கள். ஒரு ஜோடி 4 டாலர்.

மாதக் கணக்கைப் பாருங்கள்:
உண்டியல்: 450 டாலர்
காலணி: 720 டாலர்
மொத்தம்: 1,170 டாலர்

இதை வைத்துத்தான் ஏழைகளுக்கு உதவத் தொடங்கினார்கள். பிறகு பெரிய நன்கொடைகளும் வந்தன. 20 வருஷம் கழித்து, 1986-ல், ஹுவாலியன் நகரில் சொந்த ஆஸ்பத்திரியே திறந்தார்கள்.

அவர்கள் போட்டது தானம். நாம் போடுவது நம்ம சொந்தச் சேமிப்பு. அதை யாருக்கும் தானம் பண்ணச் சொல்லவில்லை. ஆனால் ஒன்று யோசியுங்கள். நம்ம பணம் பேங்கில் இருக்கிறது. ராத்திரி பேங்க் திறக்காது. எடுக்கக் கையெழுத்தும் வேண்டும். ஆபத்து வந்த பிறகு கூட்டம் போட்டுப் பேச நேரம் இருக்காது. முன்னாடியே முடிவு செய்ய வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்:

1. அவசரத்துக்கு என்று எவ்வளவு பணம் தனியாக வைக்கலாம்?
2. அது யார் பொறுப்பில் இருக்கும்? ராத்திரியில் யார் எடுத்துக் கொடுப்பார்?
3. வாங்கியவர் எத்தனை தவணையில் திருப்பிக் கட்டுவார்?

பேசி முடித்ததும் தீர்மான நோட்டில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். எழுத வராத அக்காவுக்கு வாசித்துக் காட்டிவிட்டு, பிறகு கைநாட்டு வாங்குங்கள்.