நக அழகுக் கலையில் நேரக் கணக்கு

அழகு நிலையத்தில் ரயில்வேக்காரருக்கு என்ன வேலை என்று வாசக அன்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் வேலை எங்கே நடந்தாலும் நேரம் நேரமே. பணிமனையில் ஒரு ரயில் பெட்டியைப் பழுது பார்க்க எத்தனை மணி நேரம் ஒதுக்குவது என்று கணக்கிடும் அதே முறையில்தான், ஒரு பெண்மணியின் பத்து விரல் நகங்களைச் சீர் செய்ய எத்தனை நிமிடம் ஒதுக்குவது என்பதையும் கணக்கிட வேண்டும்.

நம் நாக்பூரில் தமிழ்க் குடும்பத்துப் பெண்கள் சிலர் பியூட்டீஷியன் படிப்பு முடித்து, வீட்டின் முன் அறையிலோ சிறிய வாடகைக் கடையிலோ பார்லர் நடத்துகிறார்கள். நெயில் டெக்னீஷியன் என்ற தனிப் பெயரோடு நக வேலை மட்டும் செய்பவர்களும் இருக்கிறார்கள். இவர்களிடம் பேசிப் பார்த்தால் குறை ஒன்றாகவே இருக்கிறது. காலையில் முதல் வாடிக்கையாளருக்குச் சொன்ன நேரத்தில் வேலை தொடங்குகிறது. மாலையில் கடைசியாக வருபவர் முக்கால் மணி நேரம் காத்திருக்கிறார். கை வேகம் போதவில்லை என்று அந்தப் பெண்கள் தங்களையே நொந்துகொள்கிறார்கள். பெரும்பாலும் குறை கையில் இல்லை, கணக்கில்தான் இருக்கிறது. அந்தக் கணக்கை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. எது நேரம்?

ஒரு ரயிலின் பயண நேரம் என்பது சக்கரம் சுழலும் நேரம் மட்டுமல்ல. நிலையங்களில் நிற்கும் நேரம், பாதையில் வேலை நடக்கும் இடங்களில் மெதுவாகச் செல்வதற்கான இன்ஜினியரிங் அலவன்ஸ், தாமதத்தை ஈடுகட்டும் ரிக்கவரி டைம் எல்லாம் கால அட்டவணையிலேயே சேர்க்கப்படுகின்றன. போய்ச் சேர்ந்த பிறகும் பெட்டிகளைக் கழுவி, தண்ணீர் நிரப்பி, சோதித்த பின்தான் அடுத்த பயணம்.

பார்லரிலும் அப்படியே. "மெனிக்யூர் முக்கால் மணி" என்று சொல்லும்போது நாம் கைவேலையை மட்டும் எண்ணுகிறோம். ஒரு வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்தது முதல், அடுத்தவர் அதே நாற்காலியில் உட்காரும் வரை ஆகும் நேரமே உண்மையான நேரம். இதைச் சுற்று நேரம் என்று வைத்துக்கொள்வோம்.

2. வேலையைப் பகுதிகளாகப் பிரித்தல்

1880-களில் அமெரிக்காவின் மிட்வேல் இரும்பாலையில் ஃபிரடெரிக் டெய்லர் என்ற பொறியாளர், வேலையைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து ஸ்டாப் வாட்ச் வைத்து அளக்கும் முறையைக் கையாண்டார். அதற்கு இன்று கைபேசியில் இருக்கும் கடிகாரமே போதும். பத்து வாடிக்கையாளர்களுக்கு ஒவ்வொரு பகுதியும் எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துச் சராசரி எடுங்கள். மிகக் குறைந்த நேரத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது. அது அதிர்ஷ்டமான நாள். அதை நம்பி அட்டவணை போட முடியாது.

சாதாரண பாலிஷ் போடும் ஒரு மெனிக்யூரை உதாரணமாகப் பார்ப்போம்.

கை கழுவி, நகத்தையும் தோலையும் பார்த்து, என்ன வேண்டும் என்று பேசுதல் – 5 நிமிடம்
பழைய பாலிஷ் எடுத்தல் – 3 நிமிடம்
அரத்தால் வடிவம் கொடுத்தல் – 5 நிமிடம்
ஊற வைத்து நக ஓரத் தோலைச் சீர் செய்தல் – 8 நிமிடம்
மெருகேற்றுதல், கை மசாஜ் – 7 நிமிடம்
எண்ணெய்ப் பசை நீக்கி, அடிப்பூச்சு ஒன்று, வண்ணம் இரண்டு, மேற்பூச்சு ஒன்று – 10 நிமிடம்

ஆக, கைவேலை 38 நிமிடம். அதன் பின் காய்வதற்கு 10 நிமிடம்.

முதல் ஐந்து நிமிடத்தைப் பலர் வீண் என்று நினைக்கிறார்கள். பாதையைப் பார்க்காமல் வண்டியை விடுவதற்குச் சமம் அது. நகத்தில் பூஞ்சை, சீழ், வெட்டுக் காயம் இருக்கிறதா என்று பார்ப்பது அப்போதுதான். இருந்தால் அன்று வேலை செய்யாமல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

காய்வதைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாதாரண பாலிஷ் என்பது நைட்ரோ செல்லுலோஸ் போன்ற பொருள்களை எளிதில் ஆவியாகும் திரவத்தில் கரைத்த ஒரு வகை வார்னிஷ். திரவம் ஆவியானால்தான் இறுகும். பத்து நிமிடத்தில் தொட்டால் ஒட்டாது என்ற நிலை வரும். முழுதாக இறுகப் பல மணி நேரம் ஆகும். ஒரே தடித்த பூச்சைவிட இரண்டு மெல்லிய பூச்சு சீக்கிரம் காயும். பெயிண்ட் அடிப்பவர்கள் எல்லாரும் அறிந்த விஷயம் இது.

3. மனித உடம்புக்கு ஒரு படி

இயந்திரமே ஓய்வு கேட்கிறது, மனுஷி கேட்கமாட்டாளா? சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் வேலை ஆய்வு நூலில் உள்ள மாதிரி அட்டவணை, பெண் தொழிலாளர்களுக்குச் சொந்தத் தேவைகளுக்காக 7 சதவீதமும், அடிப்படைக் களைப்புக்காக 4 சதவீதமும் சேர்க்கச் சொல்கிறது. ஆக 11 சதவீதம். 38 நிமிடத்துக்கு இது சுமார் 4 நிமிடம். குனிந்த கழுத்தோடு நுண்ணிய வேலை செய்பவர்களுக்கு இது தாராளம் ஒன்றுமில்லை.

இப்போது கூட்டுவோம். கைவேலை 38, ஓய்வுப் படி 4, காய்தல் 10, மேஜையைத் துடைத்துப் புதிய துண்டு விரித்தல் 5. மொத்தம் 57. அதை 60 நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். "முக்கால் மணி" எப்படி ஒரு மணி ஆகிறது பார்த்தீர்களா? ஒருவருக்குப் பதினைந்து நிமிடம் தவறினால், நான்காவது ஆள் முக்கால் மணியும் ஐந்தாவது ஆள் ஒரு மணியும் காத்திருக்க வேண்டியதுதான்.

4. ஒரு செட் கருவியா, இரண்டு செட்டா?

மேற்கண்ட கணக்கில் கருவிகளைக் கிருமி நீக்கம் செய்யும் நேரம் சேரவில்லை. உலோகக் கருவிகளை முதலில் சோப்பும் பிரஷும் கொண்டு தேய்த்துக் கழுவ வேண்டும். அழுக்கின் மேல் மருந்து வேலை செய்யாது. பிறகு கிருமிநாசினிக் கரைசலில் முழுதாக மூழ்க வைக்க வேண்டும். பல கரைசல்களுக்கு 10 நிமிடம் தேவை. போத்தலில் அச்சிட்டிருப்பதே சட்டம். கழுவுவதும் துடைப்பதும் சேர்த்து 15 நிமிடம் என்று கொள்வோம்.

கருவி ஒரே ஒரு செட்தான் என்றால் சுற்று நேரம் 75 நிமிடம். இரண்டு செட் இருந்தால் ஒன்று கரைசலில் இருக்கும்போது மற்றது வேலை செய்யும். முதல் வாடிக்கையாளரின் கருவிகளை அடுத்தவர் பாலிஷ் காயும் நேரத்தில் கழுவிப் போட்டுவிடலாம். சுற்று நேரம் 60 நிமிடமே. ரயில்வேயில் ஒரு வண்டிக்கு இரண்டு ரேக் வைத்து ஓட்டுவது இதற்காகத்தான்.

எட்டு மணி நேர வேலை நாள் 480 நிமிடம். சாப்பாட்டுக்கு 45, கடை திறந்து மூடுவதற்கு 30 போக 405 நிமிடம். 75 நிமிடச் சுற்றில் 5 பேர். 60 நிமிடச் சுற்றில் 6 பேர். அதற்கு மேலும் 45 நிமிடம் மிச்சம். இரண்டாவது செட் மாதம் 26 நாளில் 26 வாடிக்கையாளர்களைக் கூடுதலாகத் தருகிறது. வேகமாகக் கை ஓட்டுவதால் கிடைக்காத லாபம் இது.

அந்த 45 நிமிட மிச்சத்தில் ஏழாவது ஆளை நுழைக்க ஆசை வரும். நுழைக்காதீர்கள். அதுதான் உங்கள் ரிக்கவரி டைம். மதியம் ஒன்றும் மாலையில் ஒன்றுமாகப் பிரித்து வைத்தால் காலைத் தாமதம் மாலை வரை தொடராது.

5. மற்ற வேலைகளுக்கு

பழகிய கைகளுக்குப் பொதுவாகப் பொருந்தும் சுற்று நேரங்கள் இவை. அவரவர் அளந்து திருத்திக்கொள்ள வேண்டும்.

வடிவமும் பாலிஷும் மட்டும் – 30 நிமிடம்
பெடிக்யூர் – 75 நிமிடம்
ஜெல் பாலிஷ் – 60 நிமிடம். பழைய ஜெல் எடுக்க வேண்டுமானால் மேலும் 20 முதல் 30 நிமிடம்
அக்ரிலிக் அல்லது ஜெல் நக நீட்டிப்பு – 2 முதல் 2½ மணி
வளர்ந்த இடைவெளியை நிரப்புதல் – 75 முதல் 90 நிமிடம்

கை நகம் மாதம் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். கால் நகம் அதில் பாதி. ஆகவே நீட்டிப்பு செய்தவர் இரண்டு மூன்று வாரத்தில் நிரப்ப வருவார். அந்த நாளை அப்போதே நோட்டில் எழுதிவிடலாம். நகத்தில் சித்திரம் கேட்டால் தனி நேரம், தனிக் கட்டணம். ஒரு விரலுக்கு 3 நிமிடம்தானே என்று தோன்றும். பத்து விரலுக்கு அரை மணி. பயிற்சியில் இருப்பவர்களுக்கு எல்லாவற்றையும் ஒன்றரை மடங்காக வைப்பது நல்லது.

6. தொடக் கூடாத நேரங்கள்

இனிமேல் சொல்வதே இக்கட்டுரையின் உயிர். நேரம் நெருக்கும்போது எல்லாரும் முதலில் கை வைப்பது, வாடிக்கையாளர் கண்ணில் படாத வேலைகளில்தான்.

2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் வாட்ஸன்வில் என்ற ஊரில், ஒரே நக அழகு நிலையத்தில் பெடிக்யூர் செய்துகொண்ட நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குக் காலில் ஆறாத கட்டிகள் வந்தன. மைக்கோபாக்டீரியம் ஃபார்ட்யூட்டம் என்ற கிருமிதான் காரணம். கால் வைக்கும் சுழல்நீர்த் தொட்டியின் வடிகட்டிக்குப் பின்னால் முடியும் தோல் துகளும் சேர்ந்து கிடந்ததை யாரும் சுத்தம் செய்திருக்கவில்லை. நம் ஊர்ப் பிளாஸ்டிக் டப்பில் வடிகட்டி கிடையாது. ஆனாலும் ஒவ்வொருவருக்குப் பின்னும் தண்ணீரைக் கொட்டி, தேய்த்துக் கழுவி, கிருமிநாசினியைக் குறித்த நேரம் வைத்திருக்கத்தான் வேண்டும். இரண்டு டப் வாங்கி வைத்தால் இந்த நேரமும் சுற்றிலிருந்து விலகிவிடும்.

அடுத்தது ஜெல். ஜெல் பாலிஷ் ஆவியாகிக் காய்வதில்லை. விளக்கின் புற ஊதா ஒளி பட்டு வேதிமாற்றம் அடைந்து இறுகுகிறது. எல்.இ.டி. விளக்கில் ஒரு பூச்சுக்கு 30 முதல் 60 வினாடி, பழைய குழல் விளக்கில் சுமார் 2 நிமிடம். நான்கு பூச்சு, இரண்டு கை என்றால் குழல் விளக்கில் 16 நிமிடம். ஒரு கை விளக்கில் இருக்கும்போது மறு கைக்குப் பூசினால் அந்த நேரம் பெரும்பாலும் மிச்சமாகிறது. அதற்காக விளக்கில் வைக்கும் நேரத்தைக் குறைக்கக் கூடாது. மேலே இறுகியது போலத் தெரிந்தாலும் உள்ளே இறுகாத அக்ரிலேட் இருக்கும். அது தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமையை உண்டாக்கலாம். 2018-இல் பிரிட்டிஷ் தோல் மருத்துவர்கள் சங்கம் இதைப் பற்றிப் பொதுமக்களை எச்சரித்தது. ஒரு முறை வந்த ஒவ்வாமை பெரும்பாலும் ஆயுளுக்கும் நிற்கும். பல் அடைப்பிலும் எலும்பு அறுவைச் சிகிச்சையிலும் இதே குடும்பத்துப் பொருள்கள் பயன்படுவதால், பின்னாளில் அங்கேயும் தொல்லை தரலாம். வாடிக்கையாளரைவிட, தினமும் அதைக் கையாளும் பெண்ணுக்கே ஆபத்து அதிகம்.

மூன்றாவது, ஜெல்லைக் கழற்றுவது. அசிட்டோன் நனைத்த பஞ்சைச் சுற்றி 10 முதல் 15 நிமிடம் பொறுத்தால் தானே இளகும். பொறுக்காமல் சுரண்டினால் ஜெல்லோடு நகத்தின் மேல் அடுக்கும் உரிந்து வரும். அது வளர்ந்து மாற மாதக்கணக்கில் ஆகும்.

சிவப்பு சிக்னலில் வண்டி நிற்கும் நேரத்தை எந்த டிரைவரும் தாமதக் கணக்கில் மிச்சம் பிடிக்க மாட்டார். கிருமி நீக்கம், விளக்கு நேரம், அசிட்டோன் நேரம் ஆகிய மூன்றும் பார்லரின் சிக்னல்கள்.

7. வாடிக்கையாளர் தாமதமாக வந்தால்

பத்து நிமிடம் வரை ரிக்கவரி டைம் தாங்கும். அதற்கு மேல் என்றால், "அக்கா, இன்று மசாஜ் இல்லாமல் செய்து தரட்டுமா, அல்லது வேறு நாள் வருகிறீர்களா?" என்று பணிவாகக் கேட்டுவிட வேண்டும். மசாஜைக் குறைக்கலாம், சித்திரத்தை விடலாம், ஊற வைப்பதைத் தவிர்க்கலாம். குறைப்பது எப்போதும் அலங்காரத்தில் இருக்கட்டும். சொன்ன நேரத்துக்கு வந்து காத்திருக்கும் அடுத்தவரைத் தண்டிப்பது நியாயமல்ல.

கல்யாண சீசனில் வரிசை முக்கியம். மருதாணி வைத்த பிறகு மெனிக்யூர் செய்தால் ஊற வைப்பதிலும் தேய்ப்பதிலும் நிறம் மங்கிவிடும். நக வேலை முதல் நாள், மருதாணி மறுநாள் என்று மணப்பெண் வீட்டாரிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

8. நேரமே விலை

பக்கத்துக் கடைக்காரர் வாங்கும் கட்டணத்தைப் பார்த்து விலை வைப்பது நம்மவர் வழக்கம். நிமிடக் கணக்கில் வையுங்கள். வாடகை, மின்சாரம், பொருள், உங்கள் சம்பளம் எல்லாம் சேர்த்து மாதம் 30,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு 360 நிமிடம், 26 நாள் என்றால் 9,360 நிமிடம். ஒரு நிமிடத்தின் அடக்க விலை சுமார் 3 ரூபாய் 20 காசு. அறுபது நிமிட வேலைக்கு 192 ரூபாய்க்குக் குறைவாக வாங்கினால் கைக்காசு போகிறது என்று பொருள். அதற்கு மேல்தான் லாபம்.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள் நம் பெரியவர்கள். நேரத்தைச் சரியாக ஒதுக்கினால் பதற வேண்டியதே இல்லை. பார்லர் நடத்தும் சகோதரிகள் அடுத்த பத்து வாடிக்கையாளர்களுக்கு இந்த அளவை எடுத்துப் பாருங்கள். அட்டவணையை எழுதிச் சுவரில் மாட்டுங்கள். கணக்கில் ஐயம் இருந்தால் சங்கக் கூட்டத்துக்கு வரும்போது நோட்டைக் கொண்டு வாருங்கள். உட்கார்ந்து சேர்ந்தே போட்டுப் பார்ப்போம்.