சரமை கேட்ட கேள்வி

அன்புள்ள மக்ளே,

உன் கடிதம் கிடைத்தது. ஊர் நூலகத்தில் நடக்கும் அன்னையர் விழாவில் பேசுவதற்கு, புகழ்பெற்ற மகன்களைப் பெற்ற தாய்மாரின் பெயர்களைக் கேட்டிருக்கிறாய். கடிதத்தின் ஓரத்தில் இன்னொன்றும் எழுதியிருக்கிறாய். நூலகத்தின் பின்பக்கம் ஒரு தெருநாய் குட்டி போட்டிருக்கிறது, ஆளைக் கண்டால் உறுமுகிறது, விழாவுக்கு முன் அதை அடித்து விரட்டப் பேச்சு நடக்கிறது என்று. அந்த ஓரக்குறிப்புதான் என்னை எழுதவைக்கிறது.

மகனை வைத்துத் தாயை அளக்கும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. ஜீஜாபாய், புத்லிபாய் என்று மேடைதோறும் சொல்கிறார்கள். இரண்டு நிமிடத்தில் பேச்சு சிவாஜிக்கும் காந்திக்கும் தாவிவிடுகிறது. நம் ஊர்ப் பக்கத்துப் பெண்கள் அப்படியா கும்பிட்டார்கள்? தாழக்குடிப் பக்கம் ஆடிச் செவ்வாயில் போய்ப் பார். கூழும் கொழுக்கட்டையும் வைத்துக் கும்பிடுகிறார்களே, அந்த ஔவையாரம்மன் எந்த மகனைப் பெற்றாள்?

என்னைக் கேட்டால் முதலில் சரமையைச் சொல்வேன். அவள் ஒரு நாய். ரிக்வேதத்தில் பணிகள் என்ற கூட்டத்தார் ஒளித்துவைத்த பசுக்களைத் தேடிப் போனவள் அவள்தான்; அந்தக் கதை இங்கே வேண்டாம். கல்லூரி நாளில் கும்பகோணம் பதிப்பு மகாபாரதத்தை எடுத்துப் படித்தபோது, ஆதிபருவத்தின் தொடக்கத்திலேயே அவள் வந்து என்னை நிறுத்திவிட்டாள். குருக்ஷேத்திரத்தில் அரசன் ஜனமேஜயன் யாகம் செய்கிறான். அங்கே போன சரமையின் குட்டியை அவன் தம்பிகள் மூவரும் அடிக்கிறார்கள். குட்டி அழுதுகொண்டு தாயிடம் ஓடுகிறது. அவள் கேட்பதைக் கவனி: நீ ஏதாவது தப்புச் செய்திருப்பாய், அதுதான் அடித்திருப்பார்கள். இல்லை, யாகத்துக்கு வைத்த அவிசை நான் நக்கவில்லை, பார்க்கக்கூட இல்லை என்கிறது குட்டி. அதன் பிறகுதான் அவள் யாகசாலைக்குப் போய், குற்றமில்லாத என் பிள்ளையை ஏன் அடித்தீர்கள் என்று அரசனைக் கேட்கிறாள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத பயம் உங்களைத் தேடி வரும் என்று சபித்துவிட்டுப் போகிறாள். ஜனமேஜயன் நடுங்கிப்போய், அந்தச் சாபத்தைத் தீர்க்க வல்ல புரோகிதரைத் தேடி அலைகிறான்.

எல்லோரும் பாரதத்தின் கடைசியில் வரும் நாயைத்தான் சொல்வார்கள். நாயை விட்டுவிட்டு சொர்க்கத்துக்கு வரமாட்டேன் என்ற தருமனைப் புகழ்வார்கள். புகழட்டும். ஆனால் அந்த நாய் தருமதேவதை எடுத்த வேடம். சரமையின் குட்டி வேடமில்லை, வெறும் குட்டி. அடி வாங்கியது நாய்தான் என்று தெரிந்தும் அதற்கு நியாயம் உண்டு என்று வைத்த இடம் சரமையின் கதை. பாரதப்போரின் கதை முழுவதும் இந்த ஒரு கேள்விக்குப் பின்னால்தான் வருகிறது என்று நான் நம்புகிறேன். பண்டிதர்கள் ஒப்பாவிட்டால் போகட்டும்.

இந்தக் காலத்துப் பெயர் வேண்டுமென்றால் உஷா சுந்தரத்தைச் சொல். 1951-ல் கணவர் கேப்டன் சுந்தரத்தோடு இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் விமானம் ஓட்டி வந்தவர். 1959-ல் சென்னை மழைவெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளைக் கேப்டன் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அந்த வீட்டில்தான் புளூ கிராஸ் என்ற விலங்குநல அமைப்பு பிறந்தது. மிருகவதைத் தடுப்புக்காக மாநிலங்களவையில் மசோதா கொண்டுவந்து, 1960-ல் சட்டம் வரக் காரணமாக இருந்த ருக்மிணி தேவியையும் சொல்; அவர் பிள்ளை பெறாதவர். கலாக்ஷேத்திரா பிள்ளைகளுக்கு அவர் அத்தை.

இனி உன் நூலகத்து நாய். பாலூட்டும் பெட்டை உறுமத்தான் செய்யும், அது வெறியில்லை. குட்டிகள் கண் திறக்கவே இரண்டு வாரம் ஆகும். ஒருவரும் கிட்டே போகவேண்டாம். சோறும் தண்ணீரும் தள்ளி வை, செல்பிக்காகக் குட்டியைத் தூக்குகிறவனைத் திட்டு. யாரையாவது கடித்தால், பல் பட்ட கீறலானாலும், ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் கழுவிவிட்டு ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். சொன்ன நாட்களில் எல்லா ஊசியும் போடவேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் அப்புகிறவர்களிடம் எனக்குப் பொறுமையில்லை. வெறிநோய் வந்தபின் பிழைப்பது அரிது. குட்டிகள் பால் மறந்ததும் தாய்க்குக் கருத்தடையும் தடுப்பூசியும் போட உள்ளாட்சி அலுவலகத்தில் மனுக் கொடு. 2023-ஆம் ஆண்டு விதிப்படி, பிடித்த இடத்திலேயே அதைத் திரும்ப விடவேண்டும். இதையும் மனுவில் எழுது.

விழா நாற்காலிகளை முன்வாசல் வழியாகக் கொண்டுபோகச் சொல். குட்டிகள் பால் மறக்கும்வரை, ஓர் இரண்டு மாதம், பின்கதவைப் பூட்டிவைக்கலாம். நூலகரிடம் நானே பேசுகிறேன்.

அன்புடன்,
உன் ஆசிரியர்